முழுகின பாலம்

என் மச்சினன் பங்காருவைத் திருத்தணியில் புளுகன் என்று சொல்லாதவர் கிடையாது. நானே சொல்லியிருக்கிறேன், முகத்துக்கு நேராக, வாய் கூசாமல். அவன் சொன்னதில் எது புளுகு, எது நிஜம் என்று எனக்குத் தெரிய இரண்டரை வருஷம் பிடித்தது. அதுவும் நானாகக் கண்டுபிடிக்கவில்லை. பள்ளிப்பட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவள் மறுபடி வாழ்வதா, இப்படியே கிடப்பதா என்பது அதற்குக் கிடைக்கும் பதிலில் இருந்தது. அந்தப் பதிலைக் கெடுத்து வைத்திருந்தவன் நான்.

என் பெயர் துரைக்கண்ணு. திருத்தணி ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன். பங்காருவின் அக்கா வள்ளியம்மாளைக் கட்டினவன். கோபக்காரன் என்று ஊரில் பெயர். அது பொய்ப் பெயர் இல்லை.

நாற்பத்திரண்டில், யுத்தத்தின்போது, ரயில் பாதையில் வேலை தெரிந்த ஆட்களைப் பட்டாளத்துக்கு எடுத்தார்கள். பங்காரு அப்போது எங்கள் லைனில் கேங் கூலி. அவனோடு அதே கேங்கில் வேணு என்று ஒருவன். பள்ளிப்பட்டுக்கு அப்பால் கிராமம், வீட்டில் பேச்செல்லாம் தெலுங்கு. இருவரும் ஒரே தூக்கில் சோறு தின்கிறவர்கள். சேர்ந்தே பெயர் கொடுத்தார்கள், சேர்ந்தே கப்பல் ஏறினார்கள். பஸ்ரா என்கிற பட்டணத்தில், ஆற்றின் குறுக்கே போட்டிருந்த ரயில் பாலத்தில் வேலை. நாற்பத்துநாலு கோடையில் வேணு செத்துப்போனதாக அவன் வீட்டுக்குச் சர்க்கார் காகிதம் வந்தது. எப்படிச் செத்தான் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. நாற்பத்தாறு தை மாதம் பங்காரு தனியாகத் திரும்பி வந்தான்.

வந்த வாரத்திலேயே தணிகாசலத்தின் சலூனில் உட்கார்ந்து அந்தப் பாலத்தைப் பற்றிச் சொன்னான். நானும் இருந்தேன்.

"நடு ஆத்துல ரெண்டு இரும்பு கோபுரம். அதுக்கு நடுவுல இருக்கிற துண்டு மட்டும் தனி, வடத்துல தொங்கிகினு இருக்கும். படகு வந்துச்சின்னா அந்தத் துண்டு தண்டவாளத்தோட அப்படியே தண்ணிக்குள்ள எறங்கிடும். படகு அதும்மேல போவும். போனப்புறம் துண்டு மேல வரும். அப்பால ரயிலு."

தணிகாசலம் கத்தியை நிறுத்தினார். "மேல தூக்கற பாலம் கேள்விப்பட்டுக்கிறேன். முழுகற பாலம் எந்த ஊர்ல கீதுப்பா?"

"அங்க படகுக்கு அடி ஆழம் கம்மிங்க. பாய்மரம் மட்டும் பனமரம் ஒசரம். மேல தூக்கணும்னா கோபுரத்த எவ்ளோ ஒசரம் கட்டறது? சண்ட நேரத்துல அவ்ளோ இரும்புக்கு எங்க போறது? அதான் முழுக வச்சிட்டாங்கோ."

சரியான காரணம்தான். ஆனால் சலூனில் காரணம் கேட்கிறவர்கள் யார்? சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்த ஒருவன் மெல்லக் கேட்டான்: "இப்ப உன் பாலம் முழுகிச்சா, முழுகாம இருக்குதா?" இன்னொருவன், "முழுகாம இருக்குதுன்னா எத்தினி மாசம்னு கேளு," என்றான். கடை முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

பங்காருவும் சிரித்துவிட்டுத் தொடர்ந்தான். "ஒரு தபா மேல வரச்சே தண்டவாளத்துமேல ரெண்டு மீனு துள்ளிகினு இருந்துச்சி. இன்னொரு தபா மேல வரச்சே..." என்றவன் அங்கேயே நிறுத்திவிட்டான். எழுந்தான், துண்டை உதறித் தோளில் போட்டான், போய்விட்டான். சரக்கு தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

அன்று முதல் அவனுக்கு முழுகின பாலம் என்று பெயராகிவிட்டது.

மாசி மாதம் ஒரு நாள் நானே அவனைப் பிடித்து உட்கார வைத்தேன். வந்து ஒரு மாதம் ஆகிறது, வேணு வீட்டுக்கு ஒரு எட்டுப் போய்ப் பார்க்கவில்லை, இது மனுஷ ஜென்மம் செய்கிற காரியமா என்று ஏசினேன். போகமுடியாது என்றான். சரி, கடுதாசியாவது எழுதுவோம் என்று தாளும் பேனாவும் எடுத்தேன். அவனுக்கு எழுத வராது.

"எப்டிச் செத்தான்?"

"ஜுரம் பாவா. மூணு நாளு. நாலாம் நாளு போய்ட்டான்."

எழுதினேன். பாலத்தை நம்பாத நான் ஜுரத்தை நம்பினேன். ஊரும் நம்பியது.

"கடைசியா இன்னா சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல."

"செத்தவன் வூட்டுக்கு எழுதற கடுதாசிடா. அதத்தான் மொதல்ல தேடுவாங்க. ஒரு வார்த்தகூடவா பேசல?"

"விடு பாவா."

நான் விடுகிற ஆளா? பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினேன். கூடவே தின்று கூடவே படுத்தவன் வாயிலிருந்து கடைசியில் வந்ததுகூட உனக்கு ஞாபகமில்லையா, கல்நெஞ்சுக்காரா என்றேன்.

"ஒத்துன்னான்," என்றான்.

எனக்கு அது புரிந்தது, அதாவது புரிந்ததாக நினைத்தேன். எங்கள் லைனில் ரயில் வந்தால் மேஸ்திரி போடுகிற சத்தம் அது. ஒத்து என்றால் ஒதுங்கு. பட்டணத்துக் கூலிகள் வாயிலிருந்து ரயில் பாதையோடு வந்து சேர்ந்த சொல். ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறவன், வண்டிக்காரன், காவடிக்கு முன்னால் வழி விலக்குகிறவன், எல்லார் வாயிலும் அதுதான். பாவம், ஜுர வேகத்தில் வேணு கேங் வேலையை நினைத்துப் பிதற்றியிருக்கிறான் என்று எனக்கே கண் கலங்கியது. 'சாகும் தறுவாயில் ஒத்து என்று ஒரு வார்த்தை மட்டும் சொன்னான்' என்று அழகான கையெழுத்தில் எழுதி, என் விலாசத்தையும் போட்டுத் தபாலில் சேர்த்தேன்.

அதற்குப் பிறகு பங்காரு ஓர் இடத்தில் தங்கவில்லை. பழைய கேங்கிலேயே அவனுக்கு வேலை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் மண்வெட்டியைப் பாதையில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான். கூட்ஸ் ஷெட்டில் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்துவிட்டேன். அங்கே ஒரு வாரம். அம்மையார்குப்பத்தில் ஒரு தறிக்காரர் வீட்டில் பாவு போடச் சேர்ந்தான். தறிச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை, நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினான். இரண்டு மாதத்தில் அந்த வீட்டுக்காரர் சந்தைத் தெருவுக்குக் குடி மாறினார். இவன் அங்கிருந்தும் கிளம்பிவிட்டான். கடைசியில் திருவாலங்காட்டுக்கு வெளியே ஒரு கரும்புக் கொல்லைக்குக் காவலாகப் போனான். மனுஷ நடமாட்டமே இல்லாத இடம்.

எங்கள் வீட்டுக்கு வந்தாலும் அப்படித்தான். தட்டில் சோற்றைப் போட்டால் இரண்டு வாய் தின்பான், எழுந்து வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்ப்பான், திரும்பி வருவான், மறுபடி எழுவான். "கால்ல சக்கரமா கட்டிகினு வந்திருக்கிற?" என்று கத்துவேன். "இல்ல பாவா," என்பான். நான் தேடிக் கொடுத்த வேலையை எல்லாம் உதறியதில் என் மானம் போயிற்று என்பதுதான் எனக்கு ஆத்திரம். அவன் எதற்காக ஓடுகிறான் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. அவன் விட்டு ஓடிய எல்லா இடத்திலும் ஒரே சத்தம்தான் இருந்தது என்று இப்போது தெரிகிறது.

அவன் உயிரோடு திரும்பினால் மொட்டை போடுவதாக வள்ளியம்மாள் முருகனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். இரண்டு ஆடிக் கிருத்திகையும் அவன் வராமல் ஏய்த்துவிட்டான். நாற்பத்தெட்டில் அவள், "நீ வந்து மொட்ட போட்டாத்தான் நான் சோறு துன்னுவேன்," என்று சொல்லி அனுப்பிவிட்டுப் படுத்துக்கொண்டாள். வந்தான். காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு வந்தான். கேட்டதற்குக் காதில் சீழ் என்றான். அந்தப் பஞ்சோடே மலை ஏறி, மொட்டை போட்டு, சந்தனம் பூசிக்கொண்டு இறங்கி எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தான். வள்ளியம்மாள் இலை போடப் போனாள்.

அப்போதுதான் வாசலில் ஒரு பெண்ணும் ஒரு பெரியவரும் வந்து நின்றார்கள். கையில் என் கடுதாசி. மடித்து மடித்து, மடிப்பெல்லாம் கிழிந்து போயிருந்தது.

"நான் வேணு சம்சாரங்க. சுலோச்சனா. இது எங்க நைனா, பெருமாள்னு பேரு. இந்தக் கடுதாசி எழுதினது நீங்களா?"

"ஆங். நான்தாம்மா."

பங்காரு எழுந்து நின்றுவிட்டான். அவள் பேசுவது கேட்க வேண்டும் என்று இரண்டு காதிலிருந்தும் பஞ்சை எடுத்தான்.

அவளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. சுற்றி வளைக்காமல் பேசினாள். "எங்க மாமன் மகன் பக்தவச்சலம் என்னைக் கட்டிக்கிறேன்னு ரெண்டு வருசமா கேட்டுகினு இருக்காரு. நைனாவுக்கும் இஷ்டம். எங்க பக்கத்துல அது புதுசும் இல்லீங்க. ஆனா எங்க வூட்டுக்காரரு ஒத்துன்னு சொல்லிட்டுப் போயிருக்காரே. எத ஒத்துன்னாரு? என்ன இன்னொருத்தருக்குக் கட்டிக் குடுக்கறதையா? அது தெரியாம நான் எப்டிங்க சரின்னு சொல்றது?"

அவள் வாயில் அந்தச் சொல் வேறு மாதிரி வந்தது. 'த' கொஞ்சம் கனத்து, நாக்கு பல்லில் நன்றாக அழுந்தி வந்தது. தெலுங்கில் ஒத்து என்றால் வேண்டாம், கூடாது. எழுதினால் நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். கடுதாசியைப் படித்துக் காட்டின அவர்கள் ஊர் வாத்தியார், தெலுங்கு வீட்டுக்கு வந்ததாயிற்றே என்று அந்தச் சொல்லைத் தெலுங்காகவே படித்திருக்கிறார். திருத்தணியில் பிறந்து, நாலு வார்த்தையில் ஒரு வார்த்தை தெலுங்காகப் பேசுகிற எனக்கு இது தோன்றவில்லை. நான் பங்காருவிடம் கத்திக் கேட்டு வாங்கிய வார்த்தை இரண்டு வருஷமாக ஒரு பெண்ணைக் கட்டிப் போட்டிருந்தது.

இருந்தாலும் மனசுக்குள் ஒரு நிம்மதி. இது சுலபமாகத் தீர்கிற சங்கதிதானே என்று நினைத்தேன்.

"அய்யோ, அது தெலுங்கு இல்லம்மா. எங்க லைன்ல ஒதுங்குன்னு சொல்றதுக்கு ஒத்துன்னு சொல்லுவோம். ஜுரத்துல வேல ஞாபகம் வந்து சொல்லிட்டாரு. உன்னைப் பத்தி ஒண்ணும் இல்ல. நல்லபடியா கல்யாணத்தப் பண்ணிக்கோ."

பெரியவர் முகம் மலர்ந்தது. அவள் முகம் மாறவில்லை.

"இல்லீங்க. அவரு வெளியிலதான் தமிழு. பயம் வந்தா தமிழு வராது. கொல்லையில பாம்பப் பாத்தாக்கூட தெலுங்குலதான் கத்துவாரு. சாவற நேரத்துல மட்டும் எப்டிங்க தமிழு வரும்?"

பின்னாலிருந்து பங்காரு சொன்னான்: "அது தெலுங்குதாம்மா. ஜுரம் இல்ல. நான் பொய் சொல்லிட்டேன்."

அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தான். பாலத்தைப் பற்றிச் சொன்னான். நடு ஆற்றில் தண்ணீருக்குள் இறங்குகிற அந்தத் துண்டைப் பற்றிச் சொன்னதுமே பெரியவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"இன்னாய்யா, செத்தவன் வூட்டு ஜனங்கிட்ட வெளையாடறியா? பாலம் போயி தண்ணியில முழுகுமா?"

பங்காரு என்னைப் பார்த்தான். சலூனில் சிரித்த சிரிப்பெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. புளுகுகிறவன் தன்னைப் பெரிய ஆளாகக் காட்டப் புளுகுவான். இவன் முகத்தில் அது இல்லை.

"நிஜந்தாங்க," என்றேன். "முழுகும். உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். பங்காரு சொன்னதை அவன் சொன்னபடியே சொல்கிறேன்.

"துண்டு எறங்கறதுக்கு முன்னால ரெண்டு முனையிலயும் தாழ் எடுக்கணும். வேணு ஒரு முனையில தாழ் எடுத்துட்டு அந்தாண்ட நகராத கெட்டிப் பாலத்துக்கு வந்துடணும். வந்துட்டேன்னு சத்தம் குடுக்கணும். நான் கோபுரத்துமேல நின்னுகினு சத்தத்தக் கேட்டுப் பச்சக் கொடி காட்டுவேன். மிஷின்காரன் எறக்குவான். கிளியர்னு கத்தச் சொல்லித்தான் தொரை சொன்னாரு. காத்துல அது கேக்கல. நான்தான் ஒத்துன்னு கத்தச் சொன்னேன். நம்ம கேங் சத்தம், நல்லா கேக்குமேன்னு. ஒரு வருசத்துக்கு மேல அப்டித்தான் நடந்துச்சி. நான்தாம்மா அந்த வார்த்தைய அங்க கொண்டுபோனது.

"அன்னிக்கிப் பகல்ல மண்காத்து. அவன் நிக்கறது கண்ணுக்குத் தெரியல. ஒத்துன்னு சத்தம் வந்துச்சி. கொடி காட்டிட்டேன். துண்டு எறங்க ஆரம்பிச்சப்புறம் மறுபடி கத்தினான். ஒத்து, பங்காரு, ஒத்துன்னு. வந்துட்டேன்னு சத்தம் குடுக்கறவன் எதுக்கு என் பேரச் சொல்லிக் கூப்புடறான்? அப்பத்தான் எனக்கு அது தெலுங்குன்னு ஒறச்சிது. செவப்புக் கொடிய வீசினேன். அவ்ளோ பெரிய இரும்பு, ஒடனே நிக்கல. தண்டவாளத்துக்கும் பலகைக்கும் நடுவுல அவன் பூட்ஸு மாட்டிக்கினு இருந்துச்சி. மறுபடி மேல வரச்சே அவன் அதுமேலதான் இருந்தான்.

"விசாரணையில தொரை கேட்டாரு, இன்னா சத்தம் கேட்டதுன்னு. ஒத்துன்னு கேட்டது, கொடி காட்டினேன்னு சொன்னேன். அது பொய்யில்ல. அப்ப அவன் வந்துட்டேன்னு சத்தம் குடுத்திருக்கான், அப்புறம் வழுக்கித் துண்டுமேல வுழுந்து மாட்டிக்கினான்னு எழுதிகினாங்க. நான் வாயத் தெறக்கல."

சலூனில் அவன் பாதியில் நிறுத்தியது எந்த இடம் என்று எனக்கு அப்போது தெரிந்தது. இலை போட உள்ளே போன வள்ளியம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவனை அறையலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

சுலோச்சனா கேட்டாள்: "எம் பேரு சொன்னாராங்க?"

"இல்லம்மா. எம் பேரத்தான் சொன்னான்."

"அப்ப அவரு எனக்கு ஒண்ணும் சொல்லல."

"இல்லம்மா. எனக்குத்தான் சொன்னான்."

அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். "ரெண்டு வருசமா அவரு மேல கோவமா இருந்தேங்க. செத்தும் என்னை வாழ வுடமாட்டேங்கறியேன்னு வெளக்கு வெக்கறச்சேகூட திட்டிகினே வெச்சேன். அவரு அங்க கால எடுக்க முடியாம கத்திகினு இருந்திருக்காரு."

அதற்குப் பிறகுதான் அழுதாள். பெரியவர் அழவில்லை, பங்காருவையே பார்த்துக்கொண்டிருந்தார். வள்ளியம்மாள் கொடுத்த தண்ணீரை அவள் வாங்கிக் குடித்தாள். சாப்பிடச் சொன்னோம், வேண்டாம் என்றாள். எழுந்து கடுதாசியை என்னிடம் நீட்டினாள். "இது இனிமே எனக்கு வேணாங்க." பங்காரு பக்கம் திரும்பினாள். "உங்கள இன்னா சொல்றதுன்னு எனக்குத் தெரியல," என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்?

பஸ் ஏற்றிவிட நானும் பங்காருவும் கூடப் போனோம். பங்காரு வரவேண்டாம் என்று நான் கண் காட்டினேன், அவன் வந்தான். பஞ்சு எங்கள் வீட்டுத் தரையிலேயே கிடந்தது.

கிருத்திகைக் கூட்டம். கடைத்தெருவில் காலை எடுத்து வைக்க இடமில்லை. எதிரில் பெரிய புஷ்பக் காவடி ஒன்று ஆடிக்கொண்டு வந்தது. முன்னால் ஒருவன் வழி விலக்கிக்கொண்டு ஓடி வந்தான். "ஒத்து, ஒத்து, ஒத்து."

நானும் பெரியவரும் ஓரமாக நகர்ந்தோம். சுலோச்சனா நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டாள், யாரோ தடுத்த மாதிரி. காவடி அவள் மேலேயே வந்துகொண்டிருந்தது. பங்காருவுக்கு மொட்டைத் தலையெல்லாம் வேர்த்திருந்தது. ஆனாலும் ஓடவில்லை, அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "இது எந்த ஒத்துங்க?"

"இது எங்க ஒத்தும்மா. ஒதுங்கிக்கணும்."

அவள் ஒதுங்கினாள். காவடி அவளைத் தாண்டிப் போயிற்று. பஸ்ஸில் இடம் பிடித்து இருவரையும் உட்கார வைத்தோம். ஆவணியில் கல்யாணம் என்று பெரியவர் ஜன்னல் வழியாக என்னிடம் மட்டும் சொன்னார். பஸ் கிளம்பிப் போனது.

பங்காரு அங்கேயே நின்றுகொண்டிருந்தான். வா போகலாம் என்று தோளைத் தொட்டேன்.

"எந்த ஒத்துன்னு நானும் அன்னிக்கி கேட்டிருக்கணும் பாவா," என்றான்.